மூலம்தான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்

பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் அந்த நோட்டீஸைப் பார்த்திருப்பீர்கள்: ‘மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்.’ எங்கள் சித்தப்பா அப்படி ஒன்றை நம்பி எட்டு மாதம் லேகியம் சாப்பிட்டார். மலத்தில் ரத்தம் வருவதும் நிற்பதுமாக இருந்தது. கடைசியில் ஓர் அறுவை மருத்துவர் கையுறை மாட்டி விரலால் பரிசோதித்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மலக்குடலில் கட்டி இருப்பது அவர் விரலுக்குத் தட்டுப்பட்டுவிட்டது.

ரத்தம் என்றால் மூலம் என்று முடிவு கட்டுவதுதான் நம் ஆட்கள் செய்யும் முதல் தவறு. பெரும்பாலும் அது மூலமாகவேதான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் மூலம் இருக்கிறவருக்கும் குடல் புற்றுநோய்க் கட்டி வரலாம். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். மருத்துவர் பரிசோதிக்காமலே களிம்பு எழுதிக் கொடுத்தால், “ஒரு தடவை பார்த்துடுங்க டாக்டர்” என்று நாமே கேட்கலாம். மலம் கழித்த பிறகும் முழுதாகப் போகாதது போன்ற உணர்வு, வாரக்கணக்கில் மாறிப்போன மலம் கழிக்கும் பழக்கம் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

ரத்தம் கண்ணில் படாமலும் கட்டி வளரும். பெருங்குடலின் வலப்பக்கம் அகலமானது, அங்கே மலமும் நீர்த்திருக்கும். அதனால் அடைப்பு சீக்கிரம் வராது. ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து மலத்தோடு கலந்துவிடும். வெளியே தெரிவதெல்லாம் சோர்வும் படி ஏறினால் மூச்சிரைப்பும்தான். ஹீமோகுளோபின் 8 என்று ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் ஆரம்பமாகிவிடும். சாப்பிடட்டும், தப்பில்லை. ஆனால் ஓர் ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்து இப்படிக் குறைந்தால், அது எங்கே போகிறது என்று தேடியாக வேண்டும். முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் வயிறும் குடலும்.

ஹெல்த் செக்கப் பேக்கேஜில் வரும், குடல் கட்டி இருந்தால் கூடக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் சி.இ.ஏ. ரத்தப் பரிசோதனையை நம்பி நிம்மதியாக இருப்பது அடுத்த தவறு. ஆரம்பநிலைக் கட்டி இருந்தும் அது நார்மலாக வரலாம். புகைபிடிப்பவருக்குப் புற்றுநோய் இல்லாமலே கூடுதலாகக் காட்டலாம். சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்கத்தான் அது உதவும். மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் கண்டுபிடிக்கும் ஃபிட் பரிசோதனை வேறு. அதில் பாசிட்டிவ் வந்தால் அடுத்தது கொலோனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமரா குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது. இன்னொரு லேபில் மறுபடி கொடுத்து, நெகட்டிவ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதுதான்.

இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை பாலிப் என்கிற சின்ன சதை வளர்ச்சியாகத்தான் தொடங்குகின்றன. அது புற்றுநோயாக மாற பொதுவாகப் பத்து வருஷம்போல ஆகும். கொலோனோஸ்கோபியில் அதைப் பார்த்த இடத்திலேயே வெட்டி எடுத்துவிடலாம். குடல் சுத்தமாக இருந்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும் என்பதுதான் சிக்கல். குடலைச் சுத்தமாக்கக் குடிக்கிற பவுடர் கரைசல் உப்புக் கரிக்கும், குமட்டும். பாதியைக் குடித்துவிட்டு மீதியை வாஷ்பேசினில் ஊற்றுகிறவர்கள் உண்டு. பரிசோதனை நாளில் போகிற மலம் மஞ்சள் சாயலோடு தெளிந்த தண்ணீராக இருக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் தட்டையான பாலிப் ஒன்று அடியில் ஒளிந்துகொள்ளும். ‘நார்மல்’ என்ற ரிப்போர்ட்டுக்கு அர்த்தமே இருக்காது. சில நாள் முன்பிருந்தே கீரை, கொய்யா, தக்காளி விதை வேண்டாம். இரும்பு மாத்திரை சாப்பிடுகிறவரை அதைச் சுமார் ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், மலத்தை அது கறுப்பாக ஒட்டவைக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் தாங்களாக எதையும் நிறுத்தக் கூடாது, இதய மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள். அப்புறம், பாலிப் எடுத்தாயிற்று என்று பயாப்சி ரிப்போர்ட்டை வாங்காமல் விடாதீர்கள். அடுத்த பரிசோதனை எப்போது என்பது அதைப் பார்த்துத்தான் முடிவாகும்.

சிகிச்சையில் பலரை ஓடவைப்பது மலம் சேர வயிற்றில் வைக்கும் பை. சித்தப்பாவும் அதைக் கேட்டதும் ஆபரேஷனே வேண்டாம் என்றார். குடலை இணைத்த இடம் ஆறும்வரைக்கும்தான் என்று புரியவைக்க இரண்டு வாரம் ஆனது. சிலருக்கு அது நிரந்தரமாகவும் இருக்கும். எது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கீமோவில் ஆக்ஸாலிபிளாட்டின் என்கிற மருந்து ஏற்றிய நாட்களில் ஃப்ரிட்ஜ் தண்ணீரைத் தொட்டாலே விரலில் ஊசி குத்துவதுபோல் இருக்கும். அதைச் சொல்லாமல் பொறுத்துக்கொள்வதும் தவறு, மரத்துப்போவது நிலைத்துவிடலாம்.

2022-ல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் டோஸ்டார்லிமாப் மருந்து பெற்ற முதல் 12 மலக்குடல் நோயாளிகளுக்கும் கட்டி மறைந்ததாகச் செய்தி வந்தது. செய்தி உண்மைதான். ஆனால் அந்தப் பன்னிரண்டு பேருக்குமே டி.என்.ஏ. பிழைகளைத் திருத்தும் புரதங்கள் குறைந்த தனி வகைக் கட்டி. மலக்குடல் நோயாளிகளில் பத்தில் ஒருவருக்குக்கூட அது இருக்காது. ‘அந்த ஊசியே போதும்’ என்று வாட்ஸ்அப்பைக் காட்டுவதைவிட, அந்தப் புரதங்கள் இருக்கிறதா என்று பார்க்கும் எம்.எம்.ஆர். பரிசோதனை செய்தாயிற்றா என்று கேட்பது பயனுள்ளது. அந்த வகை என்று தெரிந்தால் பரம்பரைக் காரணத்தையும் தேட வேண்டியிருக்கும்.

எல்லாம் முடிந்ததும் ‘அலுங்காமல் படுத்திரு’ என்று சொல்வது வீட்டுக்காரர்களின் தவறு. 2025-ல் வெளியான ஓர் ஆய்வில், பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரில் பயிற்சியாளர் வழிகாட்ட மூன்று ஆண்டு உடற்பயிற்சி செய்தவர்களில் ஐந்தாண்டில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் சுமார் 80 சதவீதம், மற்றவர்களில் 74.

கடைசியாக, குடும்பம். பெற்றோர், உடன்பிறந்தவர் யாருக்காவது 60 வயதுக்குள் இந்த நோய் வந்திருந்தால், 40 வயதில், அல்லது அவருக்குக் கண்டுபிடித்த வயதிலிருந்து பத்தைக் கழித்தால் வரும் வயதில், எது முந்தியதோ அந்த வயதில் முதலாவது கொலோனோஸ்கோபி செய்துவிட வேண்டும். சித்தப்பாவுக்குக் கண்டுபிடித்தது 47-ல். அவர் மகனுக்கு இந்த ஆனியில் 37 முடிகிறது. “எனக்குத்தான் எல்லாம் நார்மலா போகுதே” என்கிறான்.