30 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் கப்பலுக்கு டைவ்: காற்றுக் கணக்கு போடும் முறை

‘சிலிண்டரில் 50 பார் மிச்சத்தோடு மேலே வந்துவிடு’ என்றுதான் பலருக்கும் சொல்லித் தருகிறார்கள். பார் என்பது அழுத்தத்தின் அளவு; சிலிண்டரில் எவ்வளவு காற்று மிச்சம் என்பதைக் கேஜ் அதில்தான் காட்டும். 12 மீட்டரில் பவளப்பாறை பார்க்க அது போதும். ஆழத்தில் மூழ்கிக் கிடக்கும் கப்பலுக்குப் போதாது. எந்த அளவில் திரும்புவது என்பதைப் படகிலேயே கணக்குப் போட்டு முடிவு செய்துகொள்ள வேண்டும்.

செங்கடலில் கிடக்கும் திசில்கார்மை எடுத்துக்கொள்வோம். 1941 அக்டோபரில் ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசி மூழ்கடித்த பிரிட்டிஷ் சரக்குக் கப்பல். லாரிகளும் பி.எஸ்.ஏ மோட்டார் சைக்கிள்களும் இன்னும் அதன் சரக்கறைகளில் நிற்கின்றன. கடல்தரை சுமார் 30 மீட்டர். நீரோட்டம் பலமாக இருக்கும் என்பதால், இறங்கிய கயிற்றுக்கே திரும்பி வந்து ஏறுவதுதான் நல்லது.

முதலில் உங்கள் மூச்சுச் செலவு. 10 மீட்டரில் 10 நிமிடம் நிதானமாக நீந்துங்கள். 12 லிட்டர் சிலிண்டரில் 30 பார் குறைந்தால், செலவு 12 × 30 = 360 லிட்டர். நிமிடத்துக்கு 36. அங்கே அழுத்தம் 2 பார், ஆகவே மேற்பரப்பில் உங்கள் செலவு 18 லிட்டர். 30 மீட்டரில் அழுத்தம் 4 பார். அதே ஆள் அங்கே நிமிடத்துக்கு 72 லிட்டர், அதாவது 6 பார் இழுப்பார்.

அடுத்தது இருப்புக் காற்று. எனக்கு ரொம்ப நாள் பிடிபடாமல் இருந்தது இந்த இடம்தான். இருப்பு நமக்கு மட்டுமல்ல, காற்று தீர்ந்துபோய் நம்மிடம் வரும், கூட டைவ் செய்யும் துணைக்கும் சேர்த்துத்தான். பதற்றத்தில் மேற்பரப்புக் கணக்கில் நிமிடத்துக்கு ஆளுக்கு 30 லிட்டர், இருவருக்கு 60 என்று வையுங்கள். கீழே நிலைமையைச் சமாளிக்க 1 நிமிடம்: 60 × 4 = 240. ஏறுவதற்கு 4 நிமிடம், சராசரி அழுத்தம் 2.5 பார்: 600. 5 மீட்டரில், அழுத்தம் 1.5 பார், 3 நிமிட நிறுத்தம்: 270. மொத்தம் 1110 லிட்டர். 12 லிட்டர் சிலிண்டரில் அது 93 பார், 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான 50 பார் என்பது வெறும் 600 லிட்டர். இருவரும் ஏறும்போதே தீர்ந்துவிடும்.

சரி, திரும்பும் அளவு. 200 பாரில் 100 போக மிச்சம் 100தான் நமக்கு. கப்பலுக்கு வெளியே சுற்றுவதானால் அதில் பாதி: கேஜ் 150 காட்டியதும் திரும்புங்கள். உள்ளே நுழைவதானால் மூன்றில் ஒரு பங்கு: 170 வந்ததும் திரும்புங்கள். அதுவும் தனிப் பயிற்சி, வழிக்கயிறு, ஆளுக்கு இரண்டு விளக்கு இருந்தால் மட்டும். புறப்படும்போது நீரோட்டத்தை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது அதுவே கொண்டுவந்து விடும்.

15 லிட்டர் சிலிண்டர் கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டரில் காற்றளவு தெரிந்தாலும் முள் கேஜ் ஒன்றும் கட்டாயம் மாட்டிக்கொள்வேன்.

பின்சேர்க்கை: நைட்ராக்ஸ் (ஆக்சிஜன் கூடுதலாகச் சேர்த்த காற்று) நிரப்பினால் காற்று அதிக நேரம் வருமா என்று சிலர் கேட்டார்கள். வராது. ஆழத்தில் தங்கக்கூடிய நேரம்தான் கூடும், மூச்சுச் செலவு அதேதான். மட்டக்களப்புக்கு அருகே மூழ்கிக் கிடக்கும் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் பற்றியும் கேட்டிருந்தார்கள். அது 50 மீட்டருக்கும் கீழே. இந்த ஒற்றைச் சிலிண்டர் கணக்கோடு அங்கே இறங்காதீர்கள், டெக்னிக்கல் டைவிங் பயிற்சி வேண்டும்.

இன்னொன்று. சிலிண்டர் எப்போதும் 200 பார் இருக்காது. துணையின் கேஜ் 180 காட்டினால் இருப்பு 100 போக மிச்சம் 80, அவர் 140இல் திரும்ப வேண்டும். அவர் திரும்பினால் நீங்களும் திரும்ப வேண்டும், உங்கள் கேஜ் என்ன காட்டினாலும்.