திரைகள் நிறைந்த பள்ளியில் ஆசிரியர்–நூலகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி நூலகத்தில் புதிதாகப் பொறுப்பேற்கும் ஆசிரியர்–நூலகர்களின் வகுப்புகளில் பின்வரிசையில் அமர்ந்து கவனிக்கும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி அமைகிறது. கணினிகள் நூலகத்துக்குள் நுழைந்த காலத்தில் எங்கள் தலைமுறையினர் செய்த அதே பிழைகளை, நல்ல கருவிகளும் வேகமான இணைப்பும் கைவசமுள்ள இவர்களும் செய்வதைப் பார்த்தபின், எழுதி வைப்பதே முறை என்று தோன்றியது. கடவுச்சொல்லை மறப்பது, திரை ஒளிராமல் திணறுவது போன்றவை ஒரு பருவத்துக்குள் தாமாகவே சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். யார் கண்ணிலும் படாமல் ஆண்டுக்கணக்கில் தொடரக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன்.

கருவிகளுக்குக் காவலராகிவிடுவது

டேப்லெட்டுகளும் மடிக்கணினிகளும் பள்ளிக்கு வந்தவுடன் அவற்றை எண்ணி அடுக்கவும், சார்ஜ் போடவும், கொடுத்து வாங்கவும் ஓர் இடம் தேவைப்படுகிறது. அது பெரும்பாலும் நூலகமாகவே அமைந்துவிடுகிறது. புதியவர்கள் இதை மறுக்கத் தயங்குவது எனக்குப் புரிகிறது, ஏனெனில் அதுவரை நூலகத்தை எட்டிப் பார்க்காத ஆசிரியர்கள்கூட அப்போதுதான் தேடி வருகிறார்கள். ஆனால் அவர்கள் தேடி வருவது சார்ஜரைத்தான். நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான இஃப்லா 2015-இல் வெளியிட்ட பள்ளி நூலக வழிகாட்டு நெறிகளின் இரண்டாம் பதிப்பு, தொழில்நுட்பத்தைக் கற்பித்தலோடு இணைப்பதை, வாசிப்பை வளர்ப்பது, ஊடக, தகவல் எழுத்தறிவு, கேள்வி எழுப்பித் தேடிக் கற்பது ஆகியவற்றோடு ஒன்றாகவே வைக்கிறது. நிர்வாகத்திடம் பேசும்போது அந்த ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கற்பித்தலுக்கு எத்தனை பாடவேளை, கருவிகளுக்கு எத்தனை பாடவேளை என்று எழுத்திலேயே பிரித்துக் கேளுங்கள்.

இணையதளத்தை மதிப்பிட ஒரு கட்டத்தாளைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவது

இதைப் பற்றி விரிவாக எழுதியாக வேண்டும், ஏனெனில் இன்றளவும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். 2004-இல் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிக்கோ வளாக நூலகத்தில் ஒரு மதிப்பீட்டுப் பட்டியல் உருவானது. தகவல் எவ்வளவு புதியது, நம் தேவைக்குப் பொருந்துகிறதா, எழுதியவருக்குத் தகுதி உண்டா, சொல்வது துல்லியமா, எந்த நோக்கத்தில் எழுதப்பட்டது என்ற ஐந்து கேள்விகள் அதில் இருந்தன. கேள்விகளில் குறையில்லை. அவை தாளில் ஐந்து கட்டங்களாக மாறி, திறந்திருக்கும் பக்கத்தைவிட்டு வெளியே போகாமலேயே மாணவர் சரிக்குறி போட்டு முடிக்கும் பயிற்சியாகச் சுருங்கியதில்தான் கேடு வந்தது.

நான் கவனித்த ஒரு வகுப்பில், இனிப்புப் பானங்களுக்கும் உடல் எடைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஒரு மாணவி ஒரு தளத்தை மதிப்பிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தின் தேதி அண்மையது, எழுதியவரின் பெயருக்கு முன்னால் முனைவர் பட்டம், பக்கத்தில் புகைப்படம், கீழே அடிக்குறிப்புகள், விளம்பரம் எதுவுமில்லை, முகவரி டாட் ஆர்க் என்று முடிந்தது. மிகப் பொறுப்பாக ஒவ்வொன்றையும் தேடிப் பார்த்து ஐந்து கட்டங்களிலும் சரிக்குறி போட்டாள். அடுத்த தாவலைத் திறந்து அந்த அமைப்பின் பெயரோடு ‘நிதி’ என்ற சொல்லைச் சேர்த்துத் தேடியிருந்தால், அதற்குப் பணம் கொடுப்பவர்கள் பான உற்பத்தியாளர்களே என்பது உடனே தெரிந்திருக்கும். வகுப்பு நடத்தியவர் தாளை வாங்கிப் பார்த்து முழு மதிப்பெண் போட்டார்.

அந்த மாணவி சரிபார்த்த அடையாளங்கள் எல்லாம் தளத்தின் உரிமையாளர் தாமே அமைத்துக்கொண்டவை. டாட் ஆர்க் முகவரியை யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொள்ளலாம். ஆயினும் அதை நம்பகத்தின் முத்திரையாகச் சொல்லிக்கொடுக்கும் தாள்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன.

சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் ஸ்டான்ஃபோர்டில் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வு, வரலாற்று ஆய்வாளர்கள் 10 பேர், தகவல் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், இளங்கலை மாணவர்கள் 25 பேர் ஆகியோர் அறிமுகமில்லாத தளங்களை எப்படி மதிப்பிடுகிறார்கள் என்று பார்த்தது. கற்றறிந்த வரலாற்றாய்வாளர்களில் பலர்கூட மாணவர்களைப் போலவே பக்கத்தை மேலிருந்து கீழாக வாசித்து, பெயரையும் சின்னத்தையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ தளத்தில் தங்காமல் புதிய தாவல்களைத் திறந்து, அதைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று முதலில் பார்த்தார்கள். குறைவாக வாசித்து, விரைவாகச் சரியான முடிவுக்கு வந்தார்கள். இணையத் தகவல்களைச் சரிபார்க்கக் கற்பிக்கும் மைக் கால்ஃபீல்ட் 2019-இல் முன்வைத்த நான்கு படிகளும் இதே வழியில் செல்பவை: நின்று நிதானி, மூலம் யாருடையது என்று விசாரி, அதே செய்திக்கு மேலான ஆதாரம் தேடு, கூற்றை அதன் பிறப்பிடம்வரை பின்தொடர்.

எனவே, தாளை எடுத்து வைத்துவிட்டு, நீங்களே முன்பு பார்த்திராத ஒரு தளத்தைப் பெரிய திரையில் திறந்து, உங்கள் ஐயங்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தேடிக் காட்டுங்கள். முன்கூட்டியே விடை தெரிந்த தளத்தைத் தேர்ந்தெடுத்தால் மாணவர்கள் விடையைத்தான் பிடித்துக்கொள்வார்கள், தேடும் முறை அவர்களிடம் தங்காது. விக்கிப்பீடியாவைத் தடை செய்வதற்குப் பதிலாக, ஓர் அமைப்பைப் பற்றி விரைந்து அறியவும் கட்டுரையின் அடியிலுள்ள மேற்கோள்களுக்குச் செல்லவும் அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுங்கள். முக்கியமாக, இதை நூலகப் பாடவேளையில் தனியாக நடத்தாமல், அறிவியல் அல்லது வரலாற்று ஆசிரியர் உண்மையாகவே கொடுத்திருக்கும் பணியோடு சேர்த்து நடத்துங்கள். பாடமே கேட்காத மாணவரிடம் கொஞ்சமாவது ஐயம் மிஞ்சியிருக்கும்; கட்டத்தாளில் முழு மதிப்பெண் வாங்கியவரோ தவறான தளத்தை முழு நம்பிக்கையோடு மேற்கோள் காட்டுகிறார். அந்த நட்டம் எந்த மதிப்பெண் பட்டியலிலும் தெரிவதில்லை.

மின்னூலை விலைக்கு வாங்கிவிட்டதாக எண்ணுவது

பெரும்பாலும் நாம் வாங்குவது உரிமம்தான். 2011-இல் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் நூலகங்களுக்கான தன் மின்னூல்களுக்கு 26 இரவல் என்று வரம்பு வைத்தது. அதன்பின் மீண்டும் பணம் கட்ட வேண்டும். அலமாரியிலுள்ள அச்சு நூலைக் கழிப்பதற்கு முன் ஒப்பந்தத்தில் காலாவதித் தேதியைத் தேடிப் படியுங்கள்.

மாணவரின் கேள்வி உருவாகும் முன்பே இணைப்புகளைக் கொட்டுவது

தேடலின் தொடக்கத்தில் குழப்பமும் தயக்கமும் இயல்பானவை என்பதைக் நூலகவியல் ஆய்வாளர் கரோல் குல்தாவின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்தக் கட்டத்தில் மாணவருக்குத் தேவை உரையாடல்.

மாணவர்களின் இரவல் பதிவுகளைப் பெயரோடு திரையில் காட்டுவது

எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

“அது எங்களிடம் இல்லை” என்று சொல்லி அனுப்பிவிடுவது

கேட்ட கேள்விக்குப் பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியான சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வெளியானதற்குப் பிறகு மேசைக்கு வரும் கேள்விகளில் ஒரு புதுவகை சேர்ந்துள்ளது. மாணவர் அது சொன்ன ஒரு கட்டுரையின் தலைப்பு, எழுதியவர் பெயர், இதழ், தொகுதி எண், பக்க எண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வருகிறார். எழுதியவராகச் சொல்லப்படுபவர் உண்மையானவர், இதழும் உண்மையானது, அந்தக் கட்டுரை மட்டும் எங்கும் எழுதப்படவே இல்லை; கருவி இட்டுக்கட்டியது. புதியவர் நூலகப் பட்டியலில் தேடிவிட்டு, எங்களிடம் இல்லை என்று பணிவாகச் சொல்லி அனுப்புகிறார். மாணவரோ அப்படியொரு கட்டுரை வேறெங்கோ இருக்கிறது என்ற எண்ணத்துடனேயே போய், அதை மேற்கோள் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்.

அவரை அருகில் அமர வைத்து, அந்த இதழின் தளத்துக்குச் சென்று, குறிப்பிட்ட தொகுதியின் பொருளடக்கத்தைத் திறந்து, அந்தப் பக்க எண்ணில் வேறொரு கட்டுரை இருப்பதை அவர் கண்ணாலேயே பார்க்க விடுங்கள். பிறகு பாட ஆசிரியரைச் சந்தித்து, அடுத்த பணியிலிருந்து ஒவ்வொரு மேற்கோளுக்கும் தாம் உண்மையில் திறந்து வாசித்த பக்கத்தை மாணவர்கள் காட்ட வேண்டும் என்ற ஒரு வரியைப் பணித்தாளிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.