பிரஷர் உள்ள பெரியவர்களுக்கு நிற்க வைத்தும் பி.பி. பாருங்கள்

பிரஷர் மாத்திரை சாப்பிடும் அறுபது, எழுபது வயதுக்காரர்களை உட்கார வைத்து ஒரு தடவை பார்த்தால் பாதிதான் தெரியும். மீதி, அவர் எழுந்து நிற்கும்போதுதான் தெரியும். சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் ஆடி வரிசையில் கண் இருட்டிச் சாய்கிறவருக்கு வீட்டில் உட்கார்ந்து பார்த்த எண் சரியாகவே இருந்திருக்கலாம்.

எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடும். கழுத்துத் தமனியிலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயான மகாதமனியின் வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் குழாய்ச் சுவர் எவ்வளவு விரிகிறது என்பதை வைத்து இதைக் கண்டுபிடித்து, நாடியைக் கூட்டும், ரத்தக் குழாய்களை இறுக்கும். வயதானால் சுவர் விறைத்துப்போகும். விறைத்த குழாய் சரியாக விரியாது, அதனால் செய்தி மங்கலாகத்தான் போகும். பல வருடமாக பிரஷர் இருந்தால் உணரிகள் உயர்ந்த அளவுக்கே பழகிவிடும், மூளையின் ரத்தக் குழாய்களும் அப்படித்தான். 160-இல் பழகியவருக்குத் திடீரென 115 ஆனால், பார்க்க நல்ல எண்ணாக இருந்தாலும் தலை சுற்றலாம்.

காலையில் மாத்திரைக்கும் காபிக்கும் முன்னால், சிறுநீர் கழித்துவிட்டு வரட்டும். ஐந்து நிமிடம் மல்லாந்து படுக்க வைத்து, சட்டைத் துணி இடையில் வராமல் பி.பி. கருவியின் பட்டையை மேல்கையில் கட்டிப் பாருங்கள். மேல்கைச் சுற்றளவு 22 செ.மீ.க்குக் குறைவென்றால் சிறிய பட்டை வாங்குங்கள். மெலிந்த கைக்குப் பெரிய பட்டை குறைத்துக் காட்டும். பிறகு எழுப்பி நிற்க வைத்து, 1-ஆவது நிமிடமும் 3-ஆவது நிமிடமும் பாருங்கள். பின்னால் ஒரு நாற்காலி இருக்கட்டும். தலை சுற்றினால் உடனே உட்கார வைத்துவிட வேண்டும்.

பெரும்பாலும் தப்பு நடப்பது இங்கேதான்: நின்றவர் கையைத் தொங்கவிடுவார். பட்டை இதயத்துக்கு 10 செ.மீ. கீழே இருந்தால் 7 முதல் 8 வரை கூடுதலாகக் காட்டும், உண்மையான சரிவு மறைந்துவிடும். நெஞ்சு மட்டத்தில் கையை நீங்கள் தாங்கிப் பிடியுங்கள்.

நோட்டில் இப்படி எழுதுங்கள்: படுத்து 158/84, நாடி 68. நின்று 1 நிமிடம் 128/76, நாடி 72. 3 நிமிடம் 132/78, நாடி 74. மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். இங்கே 30 இறங்கியும் நாடி நாலுதான் கூடியிருக்கிறது. இது நரம்புக் கோளாறாக இருக்கலாம். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு வரும். ஆனால் அட்டினோலால், மெட்டோபுரோலால் போன்ற பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மாத்திரையே நாடியை அடக்கி வைக்கும் என்பதால் நாடிக் கணக்கு பொருந்தாது. நாடி வெகுவாகக் கூடினால் உடம்பில் நீர் வற்றியிருக்கலாம். சேலத்துச் சித்திரை வெயிலில் இது சாதாரணம், வயதானவர்களுக்குத் தாகமும் சரியாகத் தெரியாது.

மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்தும் ஒரு நாள் பாருங்கள். வயிறு நிறையச் சோறு சாப்பிட்டால் ரத்தம் குடலுக்குப் போய் அழுத்தம் இறங்கும். கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாகச் சாப்பிடுவது நல்லது.

படுக்கையிலிருந்து எழும்முன் பாதத்தை இருபது தடவை மேலும் கீழும் அசைக்கட்டும். கட்டில் ஓரத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்து, பிடித்துக்கொண்டு நிற்கட்டும். எழும் முன்பு இரண்டு டம்ளர் தண்ணீரை மடமடவெனக் குடித்தால் சில நிமிடங்களில் அழுத்தம் தாங்கும். இதய பலவீனமோ கிட்னி பிரச்சினையோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது. ஏற்காடு பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் உட்கார்ந்தே வந்தவர், ஸ்டாப் வருமுன் குதிகாலை ஏற்றி இறக்கிவிட்டு, வண்டி நின்ற பிறகே எழ வேண்டும்.

மயக்கம் வருகிறதென்று பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அழுத்தம் எகிறிவிடும், கட்டுப்பாட்டில் இல்லாத பிரஷரே இந்தச் சரிவை மோசமாக்கும். சிறுநீர் போகும் மாத்திரை, புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின் எல்லாவற்றையும் நோட்டோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வருகிறவரிடமும் அந்த நோட்டைக் காட்டலாம். நினைவு தப்பினாலோ, நெஞ்சு வலித்தாலோ, ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ அளந்துகொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.