அன்லிமிடெட் டேட்டா பிளானில் வரம்பு எங்கே இருக்கிறது? படிப்படியாகக் கண்டறியும் முறை

ஸ்மார்ட்போன் வாடிக்கையாளர்களைத் தம் பக்கம் இழுக்க எல்லா மொபைல் நிறுவனங்களும் 'அன்லிமிடெட்' என்ற ஒரே சொல்லைத்தான் பயன்படுத்துகின்றன. ஆனால் ஒரு டவரின் திறனை அதன் கீழுள்ள அத்தனை பேரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருப்பதால், அளவில் விட்டுக்கொடுத்ததை வேகத்திலோ, வீடியோவின் தெளிவிலோ, ஹாட்ஸ்பாட்டிலோ நிறுவனம் பிடித்துக்கொள்ளும். ஆகவே இரண்டு அன்லிமிடெட் பிளான்களை ஒப்பிடுவது என்றால் அவற்றின் வரம்புகளை ஒப்பிடுவது என்றே பொருள்.

படி 1: உங்கள் பயன்பாட்டை அளந்துகொள்ளுங்கள்

ஆண்ட்ராய்டு போனின் அமைப்புகளில், நெட்வொர்க் பகுதியில் மாதவாரியான டேட்டா கணக்கைப் பார்க்கலாம். ஐபோனில் சற்றுக் கவனம் தேவை. அதன் செல்லுலார் பக்கத்தில் 'நடப்புக் காலம்' என்று காட்டப்படும் எண் பொதுவாக மாதம் பிறந்ததும் தானாகப் பூஜ்ஜியத்துக்குத் திரும்பாது. அது நீங்கள் போன் வாங்கிய நாளிலிருந்து சேர்ந்துவந்த கணக்காகக்கூட இருக்கலாம். பில் தொடங்கும் நாளன்று அந்தப் பக்கத்தின் அடியிலுள்ள மீட்டமைப்புப் பொத்தானை அழுத்திவிட்டு, ஒரு மாதம் கழித்துப் பாருங்கள்.

படி 2: வேகம் குறையும் இடத்தைத் தேடுங்கள்

இதுதான் முக்கியமான படி. பிளானின் விதிமுறைப் பக்கத்தில் ஜி.பி. என்று எழுதப்பட்டிருக்கும் இடங்களை எல்லாம் நிதானமாகப் படியுங்கள். வேகக் குறைப்பு இரண்டு வகைப்படும். முதல் வகையில், குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும், டவரில் நெரிசல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மாதக் கடைசிவரை வேகம் குறைந்தே இருக்கும். இரண்டாம் வகையில், நெரிசலான நேரத்தில் மட்டும் உங்களைப் பின்வரிசைக்குத் தள்ளிவிட்டு மற்றவர்களுக்கு முன்னுரிமை தருவார்கள். கூட்டம் கலைந்ததும் பழைய வேகம் திரும்பிவிடும். என்னைக் கேட்டால், இரண்டாவதைப் பொறுத்துக்கொள்ளலாம். முதலாவது, பெயரளவில்தான் அன்லிமிடெட்.

ஏன் என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வேகம் 128 கே.பி.பி.எஸ். (நொடிக்கு 128 கிலோபிட்) ஆகக் குறைந்தால், 1 ஜி.பி. கோப்பு ஒன்று இறங்க 17 மணி நேரத்துக்கும் மேலாகும். அமெரிக்காவில் ஏடி அண்ட் டி நிறுவனம் அன்லிமிடெட் வாடிக்கையாளர்களின் வேகத்தைப் போதிய அறிவிப்பின்றிக் குறைத்ததாகக் கூறி, அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையம் 2014இல் வழக்குத் தொடர்ந்தது. சிலருக்கு மாதம் 2 ஜி.பி. தாண்டியதுமே வேகம் குறைக்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. 2019இல் அந்த நிறுவனம் 6 கோடி டாலர் தர ஒப்புக்கொண்ட பிறகே விவகாரம் முடிந்தது.

படி 3: வீடியோவின் தெளிவைப் பாருங்கள்

நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்கின்படி, சாதாரணத் தெளிவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜி.பி.யும், எச்.டி.யில் 3 ஜி.பி. வரையிலும் செலவாகும். 22 ஜி.பி.க்குப் பின் முன்னுரிமை குறையும் பிளானில் தினமும் இரண்டு மணி நேரம் எச்.டி. பார்ப்பவர் நான்காம் நாளே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவார். நிறுவனங்கள் வீடியோவை 480பி என்ற குறைந்த தெளிவில் நிறுத்திவைப்பதற்குக் காரணம் இதுவே. 2017 பிப்ரவரியில் போட்டி நிறுவனங்களின் நெருக்கடியால் அன்லிமிடெட் பிளானை மீண்டும் கொண்டுவந்த அமெரிக்க மொபைல் நிறுவனமான வெரைசன், அதே ஆண்டு ஆகஸ்டில் அதை இரண்டாகப் பிரித்தது. மலிவான பிளானில் போனில் 480பி, விலை கூடியதில் 720பி. இரண்டின் பெயரிலும் அன்லிமிடெட் என்ற சொல் இருந்தது! சிறிய திரையில் 480பி பலருக்கு உறுத்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

படி 4: ஹாட்ஸ்பாட்டைத் தனியாகக் கணக்கிடுங்கள்

மடிக்கணினிக்கு இணைப்புக் கொடுக்கும் டேட்டாவுக்குப் பெரும்பாலும் தனி வரம்பு இருக்கும். ஹாட்ஸ்பாட்டே பயன்படுத்தாதவர் இந்தப் படியைத் தாண்டிச் செல்லலாம்.

படி 5: விலையைப் பாருங்கள்

விளம்பரத்தில் பெரிதாக இருக்கும் தொகை, நான்கு இணைப்புகளைச் சேர்த்து வாங்கினால் ஓர் இணைப்புக்கு ஆகும் விலையாக இருக்கலாம். உங்களுக்குத் தேவையான எண்ணிக்கைக்கு, வரிகளும் சேர்த்து, சலுகைக் காலம் முடிந்த பிறகு எவ்வளவு என்று கேளுங்கள்.

படி 6: மாறும் முன் சோதித்துப் பாருங்கள்

புதிய நிறுவனத்தின் சிம்மைச் சில நாள்களுக்கு இரண்டாவது சிம்மாகப் போட்டு, நீங்கள் அதிகம் இருக்கும் இடத்தில் காலையிலும், கூட்டம் மிகுந்த மாலை நேரத்திலும் வேகத்தைச் சோதியுங்கள். இரண்டுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இருந்தால் அங்குள்ள டவர் ஏற்கெனவே திணறுகிறது என்று கொள்ளலாம். பின்வரிசைக்குத் தள்ளும் பிளான் அங்கே ஒத்துவராது. திருப்தியாக இருந்தால், உங்கள் பழைய எண்ணையே தங்கள் நெட்வொர்க்குக்கு மாற்றித் தரும்படி புதிய நிறுவனத்திடம் கோருங்கள். மாற்றம் முடியும்வரை பழைய இணைப்பை நீங்களாகத் துண்டிக்க வேண்டாம். துண்டித்துவிட்டால் அந்த எண்ணே கைவிட்டுப் போகக்கூடும்.