பெருவிரல் வீக்கம்: பருப்பின் மேல் பழி போட்டது தவறு

அப்பாவுக்கு 74 வயது. விடியற்காலையில் கால் பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கியது. போர்வை பட்டாலே வலி. அன்றே எடுத்த ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் 6.2 mg/dL. நார்மல்தானே, எங்கோ இடித்துக்கொண்டிருப்பார் என்று ஒத்தடத்திலேயே நான்கு நாள் போனது. அப்புறம், யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் ‘கவுட்’ (gout) வாதமோ என்று பருப்பு, கீரை, தக்காளியை நிறுத்தினோம். அதுவும் வீண். பருப்பு, கீரையிலுள்ள ப்யூரின் (உடலில் யூரிக் அமிலமாக மாறும் பொருள்) கவுட் வாதத்தை அவ்வளவாகத் தூண்டாது; முதியவருக்குப் புரதம் குறைந்தால் தசைதான் கரையும்.

பலரும் தவறவிடுவது இதைத்தான்: வலி உச்சத்தில் இருக்கும்போது யூரிக் அமிலம் இறங்கிக் காட்டலாம். வீக்கம் வடிந்து 2 வாரம் கழித்து எடுத்தால், 8.4!

டாக்டர் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிரஷர் மாத்திரையில் லோசார்டனோடு, சிறுநீரைப் பெருக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடும் இருந்தது. சிறுநீரில் யூரிக் அமிலம் வெளியேறுவதை இந்த இரண்டாவது மருந்து குறைக்கும். லோசார்டன் மட்டும் உள்ளதாக மாற்றினார் (இதை நாமாகச் செய்யவே கூடாது). சாப்பாட்டில் நிறுத்தியவை நெத்திலிக் கருவாடு, ஈரல் வறுவல், தெம்புக்கென்று கொடுத்த பாட்டில் ஜூஸ். ஜூஸிலுள்ள ஃபிரக்டோஸ் என்ற சர்க்கரை நம் கல்லீரலில் உடையும்போதே யூரிக் அமிலம் உண்டாகிறது. மோரும் தண்ணீரும் கூடின. இதய, சிறுநீரகக் கோளாறு இருந்தால் தண்ணீர் அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

6 வாரத்தில் 6.3. சாம்பார் திரும்பவும் தட்டுக்கு வந்துவிட்டது.