மேற்குக் காற்றில் ரிமோட் விமானம்: ரட்டர் கோளாறு தீர்ந்தது

உசிலம்பட்டி பக்கம் வறண்ட கண்மாயில் தெற்கு வடக்காகத்தான் இறக்க இடம். ஆடியில் மேற்குக் காற்று குறுக்கே அடிக்கும். தெற்கு நோக்கி இறக்கினால் சிக்கலில்லை. வடக்கு நோக்கி வந்தால், தரை தொடும்போது மூக்கு காற்றுப் பக்கம் திரும்பிவிடும். ரட்டரை (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் மடிப்பு) முழுசாக வலதுக்குக் கொடுத்தாலும் நேராகாது.

ட்ரிம் (ரட்டரின் நடுநிலை அமைப்பு) மாற்றினேன், ரட்டரைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோவைப் புதிதாகப் போட்டேன். பயனில்லை. மேசையில் ரட்டர் இருபக்கமும் ஒரே அளவு திரும்பியது. அதுதான் நாள்கணக்கில் ஏமாற்றியது.

கடைசியில், பறக்கும்போது காற்று அழுத்துவதுபோல் ரட்டரை விரலால் அழுத்திப் பிடித்து, ரிமோட்டின் ஸ்டிக்கைத் தள்ளினேன். இடதுக்கு விரலையே தள்ளியது. வலதுக்கு அசையவில்லை, ஆனால் சர்வோ கை முழுசாகத் திரும்பியிருந்தது! உள்ளே, சர்வோவை ரட்டரோடு இணைக்கும் புஷ்ராட் கம்பி வில்லாக வளைந்து நின்றது. ரட்டரில் கம்பி மாட்டும் கொம்பான ஹார்ன் இடப்பக்கம் என்பதால், இடதுக்குக் கம்பி இழுபடும், வலதுக்குத் தள்ளப்படும். மெல்லிய கம்பி இழுவையைத் தாங்கும், தள்ளினால் வளைந்துவிடும்.

கம்பிக்குப் பதில் கார்பன் குழாய் போட்டு, நடுவில் தாங்கு வளையம் ஒட்டினேன். அதே காற்றில் நேராக இறங்கியது. பெரிய நிம்மதி. மூக்கை மேலும் கீழும் ஆட்டும் வால் மடிப்பான எலிவேட்டருக்கும் இந்த விரல் சோதனையைச் செய்து பாருங்கள்.