பழைய சிட்டி வீடெக்: தொலைந்த குதிரைத்திறனை வீட்டிலேயே மீட்பது எப்படி

2000ஆம் ஆண்டில் இந்தியச் சாலைக்கு வந்த ஹோண்டா சிட்டி 1.5 வீடெக் (வேகமான சுழற்சியில் இன்டேக் வால்வுகளை அதிகம் திறக்கும் ஏற்பாடு) 106 குதிரைத்திறன் தரும் வண்டி. 2003இல் அதன் இடத்துக்கு வந்த ஐ-டிஎஸ்ஐ சிட்டியில் 77ஐ ஒட்டித்தான் இருந்தது. பழைய வீடெக்கைத் தேடிப்பிடித்து வாங்குகிறவர்கள் இன்றும் இருப்பதற்கு அந்த இடைவெளியே காரணம். வாங்கியவர்களில் பெரும்பாலோர் முதல் வேலையாக ஹெடரும் (எக்ஸாஸ்ட் குழாய்த் தொகுதி) கூம்பு வடிவ ஏர் ஃபில்டரும் மாட்டுகிறார்கள். சத்தம் கூடுகிறது, பிக்கப் கூடுவதில்லை. இருபது வருடம் தாண்டிய இந்த எஞ்சின் 106ஐத் தருவதே இல்லை என்பதுதான் விஷயம். முதலில் தொலைந்ததைக் கண்டுபிடித்துத் திரும்ப எடுக்க வேண்டும். புதிதாகச் சேர்ப்பது அதற்குப் பிறகு.

முதல் நாள்: அளந்து பாருங்கள்

கம்ப்ரஷன் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றி, இன்ஜெக்டர், டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் கருவி) இரண்டின் கனெக்டரையும் பிடுங்கிவிட்டு, ஒருவர் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்ற வேண்டும். மிதிக்காமல் அளந்தால் காற்று போதாமல் எல்லா சிலிண்டரும் பொய்யாகக் குறைவு காட்டும். ஒவ்வொன்றும் 135 பிஎஸ்ஐக்கு மேல் இருக்க வேண்டும், ஒன்றுக்கொன்று வித்தியாசம் 28 பிஎஸ்ஐயைத் தாண்டக் கூடாது. குறைவாக இருக்கும் சிலிண்டருக்குள் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு சரியாக உட்காரவில்லை, அல்லது ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. வால்வு என்றால் அவசரப்பட்டு ஹெட்டைக் கழற்ற வேண்டாம். டாப்பெட் (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் நடுவே விடும் இடைவெளி) இறுகியிருந்தாலும் இதே அறிகுறிதான், அதைக் கீழே பார்ப்போம்.

பெட்ரோல் பாதை

இதை எஞ்சினுக்கு முன் செய்யச் சொல்வதற்குத் தீ ஒன்றே காரணம். இப்போது பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். இந்த வண்டியின் ரப்பர் ஹோஸ்கள் அதை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. முதுமையில் ஏற்கெனவே கெட்டிப்பட்ட ரப்பர் எத்தனால் பட்டு உப்பும், பிறகு விரிசல் விடும். டேங்கிலிருந்து ஃபில்டர், ஃபில்டரிலிருந்து ஃபியூயல் ரயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்), டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் என எல்லா ரப்பரையும் மாற்றுங்கள். ஹோஸின் மேல் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்க வேண்டும். கார்புரேட்டர் வண்டிக்கான சாதா ஹோஸ் இன்ஜெக்ஷன் பிரஷரைத் தாங்காது. பல் வைத்த கிளிப் ரப்பரை அறுக்கும், விளிம்பு மடித்த இன்ஜெக்ஷன் கிளிப்பைக் கேட்டு வாங்குங்கள். கழற்றும் முன் பெட்ரோல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டுத் தானாக அணையவிடுங்கள், பாதையில் உள்ள பிரஷர் இறங்கும். பேட்டரி நெகட்டிவையும் கழற்றி வையுங்கள்.

பம்ப் பற்றிப் பேசும்போதே அதற்கு மின்சாரம் தரும் சுவிட்சான மெயின் ரிலே. வெயிலில் நிறுத்திய வண்டி ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்து, மாலையில் ஒன்றும் நடக்காததுபோல் ஓடினால், பாதி நேரம் இதுதான். சாவியை ஆன் செய்ததும் பம்ப் 2 விநாடி ஓடும் சத்தம் கேட்க வேண்டும். சூட்டில் அது கேட்காவிட்டால் ரிலேயைக் கழற்றி மூடியைத் திறந்து பாருங்கள். போர்டின் கீழ்ப்பக்கம் கால்களைச் சுற்றி மெல்லிய வளையமாக சால்டர் விண்டிருக்கும். பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தால் போதும். இதற்காகப் புது பம்ப் மாற்றியவர்கள் ஏராளம்.

சூடு

ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஓடிய வண்டியா என்று பாருங்கள். வடிக்கும்போது துருநிறத்தில் வந்தால் ஆமாம். நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசி, பாதிக்குப் பாதி கூலண்டும் டிஸ்டில்ட் வாட்டரும் நிரப்புங்கள். தெர்மோஸ்டாட்டையும் மூடியையும் புதிதாகப் போடுங்கள். ‘நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு’ என்று கழற்றி எறியும் பழக்கம் இந்த எஞ்சினை நேரடியாகக் கெடுக்கிறது. எஞ்சின் சூடாகாதவரை இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) வீடெக்கை இயக்க அனுமதிக்காது, கலவையில் பெட்ரோலையும் கூடுதலாகவே வைத்திருக்கும். நிரப்பும்போது ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்துவைத்து, கூலண்ட் வெளியேறும் இடத்தில் உள்ள பிளீட் போல்ட்டைத் தளர்த்தி, குமிழி நின்று கூலண்ட் சீராக வந்ததும் இறுக்குங்கள்.

இக்னிஷன்: அதிகம் தொலைவது இங்கே

இந்த எஞ்சினில் காயில், இக்னைட்டர், ரோட்டார் மூன்றும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ளேயே அடைபட்டிருக்கின்றன. மூன்றும் சேர்ந்து வேகும். மேல் சுழற்சியில் மிஸ்ஸிங், சூட்டில் திடீரென்று அணைவது, டேக்கோமீட்டர் முள் குதிப்பது ஆகியவை இதன் அடையாளங்கள்.

மூடியைத் திறந்ததும் உள்ளே எண்ணெய் ஈரம் இருந்தால் உள் ஆயில் சீல் போய்விட்டது. வெளியே ஹெட்டோடு சேரும் இடத்தில் கசிந்தால் அது ஓ-ரிங் மட்டும்தான், மிகச் சிறிய செலவு. கழற்றும் முன் டிஸ்ட்ரிபியூட்டரும் ஹெட்டும் சேரும் இடத்தில் ஒரு கோடு கிழித்து வையுங்கள், டைமிங் அதே இடத்துக்குத் திரும்பும். ஷாஃப்ட்டை விரலால் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது, அந்த ஆட்டம் அப்படியே ஸ்பார்க் நேரத்தின் நடுக்கமாக வரும். காயிலை மல்டிமீட்டரில் அளந்தால் பிரைமரி 0.6 முதல் 0.8 ஓம், செகண்டரி 13 முதல் 19 கிலோஓம் வர வேண்டும். பிளக் வயர் ஒவ்வொன்றும் 25 கிலோஓமுக்குள். இக்னைட்டரை மாற்றினால் அதன் முதுகில் தெர்மல் பேஸ்ட் தடவ மறக்காதீர்கள். சூட்டை வெளியே கடத்துவது அந்த மெல்லிய பூச்சுதான். அது இல்லாமல் மாட்டிய புது இக்னைட்டரும் சில மாதத்தில் போகும்.

பிளக் இடைவெளி 1.1 மில்லிமீட்டர், இறுக்கம் 18 நியூட்டன் மீட்டர். ஹெட் அலுமினியம், ஆகவே குளிர்ந்த எஞ்சினில் முதல் சில சுற்று கையாலேயே போக வேண்டும்.

டாப்பெட்டும் வீடெக்கும்

வீட்டில் செய்யும் வேலைகளில் இதைவிட அதிகம் திருப்பித் தருவது வேறில்லை. வால்வு தன் இருக்கையைத் தேய்த்து மேலே ஏறுவதால் இந்த எஞ்சினில் டாப்பெட் இடைவெளி காலப்போக்கில் குறையும். தளர்ந்தால் சத்தம் வந்து காட்டிக்கொடுக்கும். இறுகினால் வண்டி அமைதியாக ஓடிக்கொண்டே பலம் இழக்கும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும். கேஸில் ஓடிய வண்டிகளில் இது இன்னும் வேகம்.

இரவு முழுக்க நின்ற எஞ்சினில் காலையில் செய்யுங்கள். வால்வு கவரைக் கழற்றி, கேம் புல்லியில் ‘அப்’ என்ற எழுத்து மேலே வரும்படி கிராங்க்கைத் திருப்புங்கள். இந்த எஞ்சின் பெல்ட் பக்கத்திலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றுவது, எப்போதும் அந்தத் திசையிலேயே திருப்புங்கள். இப்போது முதல் சிலிண்டரின் நான்கு வால்வுகளையும் சரிசெய்யலாம். இன்டேக் 0.18 முதல் 0.22, எக்ஸாஸ்ட் 0.23 முதல் 0.27 மில்லிமீட்டர். நடுவளவான 0.20, 0.25 ஃபீலர் கேஜைப் பயன்படுத்துங்கள். கேஜை இழுக்கும்போது லேசாகப் பிடிக்க வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூ கூடவே திரும்பிவிடும், ஆகவே இறுக்கியபின் இன்னொரு முறை அளந்தே தீர வேண்டும். பிறகு கிராங்க்கை அரைச் சுற்று திருப்பி மூன்றாவது சிலிண்டர், அடுத்து நான்காவது, கடைசியாக இரண்டாவது.

இன்டேக் பக்கம், அதாவது ஃபயர்வால் பக்கம், ஒவ்வொரு சிலிண்டருக்கும் மூன்று ராக்கர் இருக்கும். நடுவில் உள்ளதுதான் வீடெக் ராக்கர். அதைத் தனியாக விரலால் அழுத்திப் பாருங்கள். பக்கத்தில் உள்ள இரண்டும் அசையாமல் அது மட்டும் இறங்க வேண்டும். ஒட்டிக்கொண்டு வந்தால் உள்ளே பின் சிக்கியிருக்கிறது. நான்கு சிலிண்டரிலும் பாருங்கள்.

அடுத்து ஹெட்டின் பக்கத்தில் உள்ள வீடெக் சொலினாய்டு (ராக்கருக்கு எண்ணெயைத் திறந்துவிடும் மின் வால்வு). கனெக்டரைப் பிடுங்கி அளந்தால் 14 முதல் 30 ஓம் காட்ட வேண்டும். அதைக் கழற்றினால் உள்ளே ரப்பரோடு சேர்ந்த சிறு வலை ஃபில்டர் இருக்கும். ஆயில் மாற்றாமல் ஓடிய வண்டியில் இந்த வலை கறுத்த மண்டியால் அடைத்திருக்கும். அப்போது எண்ணெய் அழுத்தம் ராக்கருக்குப் போகாது, வீடெக் வேலை செய்யாது, செக் எஞ்சின் விளக்கு எரியும். புது வலை வைத்து, போல்ட்டை 12 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். ஆயில் அளவு குறைந்தாலும் இதே கோளாறு வரும். ஃபில்டரோடு சேர்த்து மாற்றினால் சுமார் 3.3 லிட்டர் பிடிக்கும். வால்வு கவர் நட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் போதும், அதற்கு மேல் போனால் ஸ்டட் முறியும்.

டைமிங் பெல்ட்

எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை இடிக்கும் வகை எஞ்சின் இது. பெல்ட்டோடு டென்ஷனர், வாட்டர் பம்ப், கேம் சீல், கிராங்க் சீல் எல்லாம் ஒரே தடவையில் போட வேண்டியவை. மாட்டியபின் எஞ்சினை இடஞ்சுழியாக ஐந்தாறு சுற்று சுற்றி பெல்ட்டை உட்காரவிடுங்கள். டென்ஷனர் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்தி, கேம் புல்லியில் மூன்று பல் அளவு இடஞ்சுழியாகத் திருப்பி, அந்த நிலையிலேயே 44 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். குறிகளை மறுபடி சரிபாருங்கள். கிராங்க் புல்லி போல்ட்டுக்கு 181 நியூட்டன் மீட்டர். புல்லி ஹோல்டரும் நீண்ட பிரேக்கர் பாரும் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

நிறுத்தும் பலம், பிடிக்கும் பலம்

முன் காலிப்பரின் ஸ்லைடு பின்களைக் கழற்றித் துடைத்து சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். பின் டிரம்மின் அட்ஜஸ்டரை ஓடவைத்து ஷூ இடைவெளியைச் சரிசெய்யுங்கள். டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றுங்கள். புதிதாக 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்குவது, ஈரம் உறிஞ்சியபின் 155 வரை இறங்கிவிடும். ஏற்காடோ கொல்லிமலையோ இறங்கும்போது பெடல் பஞ்சுபோல ஆகிறதென்றால் காரணம் பெரும்பாலும் இந்த ஈரம்தான். இரண்டு வருடத்துக்கொருமுறை மாற்றுங்கள். இருபது வருட ரப்பர் பிரேக் ஹோஸையும் அப்படியே விடாதீர்கள்.

சஸ்பென்ஷனில் ஒரு தவறு எங்கும் நடக்கிறது. வண்டியைத் தூக்கி வைத்து, சக்கரம் தொங்கும் நிலையிலேயே லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டுகளை இறுக்குகிறார்கள். புஷ் ரப்பர் அந்த நிலையில் பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுகி நிற்கும், சில மாதத்தில் கிழியும். போல்ட்டைத் தளர்வாக மாட்டி, வண்டியின் எடை சக்கரத்தின் மேல் வந்தபின் இறுக்குங்கள். கீழே படுக்கும் எந்த வேலைக்கும் ஜாக்கை நம்பாதீர்கள், சிமென்ட் தரையில் ஜாக் ஸ்டாண்டு வைத்தே தீர வேண்டும்.

உயரத்தைக் குறைக்க விரும்பினால் 25 மில்லிமீட்டரோடு நிறுத்துவது என் கருத்து. அதற்கு மேல் நம் வேகத்தடைகளில் எஞ்சினின் அடிவயிறு தட்டும். சக்கரம் 4 நட்டு, 100 மில்லிமீட்டர் வட்டம், நடுத்துளை 56.1. நடுத்துளை பெரிய அலாய் வாங்கினால் அதற்குரிய வளையமும் சேர்த்து வாங்குங்கள், இல்லையென்றால் ஸ்டீயரிங் நடுங்கும். 175/70 ஆர்13 டயருக்குப் பதில் 185/60 ஆர்14 போட்டால் விட்டம் 2, 3 மில்லிமீட்டர்தான் மாறும், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. நட்டுக்கு 108 நியூட்டன் மீட்டர்.

இப்போது கூட்டலாம்

இவ்வளவும் முடிந்து வண்டி 5,000 சுழற்சியை ஒட்டி உறுமி இழுக்கத் தொடங்கியபின் 4-2-1 ஹெடரும் (நான்கு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாவது) 2 அங்குல எக்ஸாஸ்ட் குழாயும் பலன் தரும். இரண்டரை அங்குலக் குழாய் 1.5 லிட்டருக்கு அதிகம். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை வெட்ட வேண்டாம். கூம்பு ஃபில்டரைச் சூடான எஞ்சின் அறைக்குள் திறந்துவிடுவதைவிட, ஒரிஜினல் பெட்டிக்குள் நல்ல ஃபில்டர் வைத்துக் குளிர்ந்த காற்றைக் குழாய் வழியே கொண்டுவருவது மேல்.

இசியூவை மாற்றி ட்யூன் செய்யும் முன் எக்ஸாஸ்டில் கலவையை அளக்கும் ஒயிட்பேண்ட் சென்ஸர் கட்டாயம் பொருத்துங்கள். எத்தனாலில் ஆக்ஸிஜன் இருப்பதால், பழைய மேப்பில் (இசியூவில் உள்ள பெட்ரோல் அளவு அட்டவணை) 20 சதவீத எத்தனால் பெட்ரோல் முழு த்ராட்டிலில் சுமார் 7 சதவீதம் மெலிந்த, அதாவது எரிபொருள் குறைந்த, கலவையைத் தரும். மீட்டரைக் காற்று-பெட்ரோல் விகிதத்தில் படிக்காமல் லாம்டாவில் (அந்த எரிபொருள் முழுதாக எரியத் தேவையான காற்றோடு ஒப்பிட்ட அளவு) படியுங்கள். 14.7 என்ற எண் எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பொருந்தாது, லாம்டா 1 எந்த எரிபொருளுக்கும் ஒன்றுதான். முழுச் சுமையில் 0.86 முதல் 0.88 வரை வைத்து, ஸ்பார்க்கை ஒவ்வொரு டிகிரியாக மட்டும் முன்னே தள்ளுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கொருமுறை எஃப்சி காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஆகவே கழற்றிய ஒரிஜினல் சைலன்சர், மேனிஃபோல்ட், ஸ்பிரிங், சக்கரம் ஒவ்வொன்றுக்கும் எண்ணெய் தடவி, போல்ட்டுகளைத் தனிப்பையில் போட்டுப் பெயரெழுதி வையுங்கள்.